மகளின் முதுகுக்கு ஆபரேஷன்: எல் 1 வரையா, எல் 4 வரையா?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. வாலிபால் விளையாடுகிறாள். ஆறு மாதம் முன்பு அவள் உடை மாற்றும்போது ஒரு பக்க இடுப்பு மட்டும் தூக்கலாக இருப்பதைப் பார்த்தேன். எக்ஸ்ரே எடுத்ததில் ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகெலும்பின் பக்கவளைவு என்றார்கள். மேல் முதுகில் வலப்பக்கம் 54 டிகிரி, கீழ் முதுகில் இடப்பக்கம் 34 டிகிரி வளைவு. உடம்பைப் பக்கவாட்டில் வளைக்கச் சொல்லி எடுத்த படத்தில் கீழ் வளைவு 12 டிகிரியாகக் குறைகிறது. மாதவிடாய் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகிறது, ரிசர் 4 என்று எழுதியிருக்கிறார்கள். ஆபரேஷன் வேண்டும் என்று இரண்டு டாக்டர்களும் சொல்கிறார்கள். ஆனால் ஒருவர் கீழ் முதுகின் முதல் எலும்பான எல் 1 வரை ஸ்குரு போட்டால் போதும் என்கிறார். இன்னொருவர், "இடது இடுப்பு 9 மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது, எல் 4 வரை போட்டால்தான் நேராகும்" என்கிறார். ரிப்போர்ட்டில் பெல்விக் இன்சிடென்ஸ் 58, பெல்விக் டில்ட் 12, சேக்ரல் ஸ்லோப் 46, லம்பார் லார்டோசிஸ் 60 என்று இருக்கிறது. இன்சிடென்ஸ் அதிகம் இருந்தால் ஆபரேஷன் சரிவராது என்று எங்கோ படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. யார் சொல்வதைக் கேட்பது? நான் முன்பே கவனித்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காதோ?

பதில்: அன்புள்ள அம்மா,

கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் உங்களை அதிகம் வாட்டுகிறது என்று தெரிகிறது. உங்கள் மகளுக்கு வந்திருப்பது வளரிளம் பருவத்தில், இன்னதென்று சொல்லக்கூடிய காரணம் இல்லாமல் வரும் பக்கவளைவு. புத்தகப் பையோ, உட்காரும் விதமோ, நீங்கள் கொடுத்த சாப்பாடோ இதை உண்டாக்கவில்லை. இந்த வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு 10 டிகிரிக்கு மேல் வளைவு இருக்கிறது. வலி பெரிதாக இருக்காது, குழந்தை ஓடியாடிக்கொண்டிருக்கும், பத்து வயதுக்கு மேல் பெண் பிள்ளைகள் அம்மா முன்னால் உடை மாற்றுவதும் குறைந்துவிடும். அதனால் பெரும்பாலான வீடுகளில் இது தற்செயலாகத்தான் கண்ணில் படுகிறது. இன்னும் முன்பே தெரிந்திருந்தால், உடம்பைச் சுற்றி அணியும் பிரேஸ் போட்டுப் பார்த்திருக்கலாம் என்பது உண்மை. பிரேஸ் போட்டாலும் சிலருக்கு வளைவு கூடிக்கொண்டே போய் ஆபரேஷனில்தான் முடியும் என்பதும் அதே அளவு உண்மை. அந்தப் பாரத்தை இங்கேயே இறக்கி வையுங்கள்.

ஆபரேஷன் தேவையா என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எலும்பு வளர்ச்சியைக் காட்டும் ரிசர் அளவு 4 என்றால் வளர்ச்சி பெரும்பாலும் முடிந்துவிட்டது, பிரேஸுக்கு இனி வேலை இல்லை. மேல் முதுகு வளைவு 50 டிகிரியைத் தாண்டிவிட்டால் வளர்ச்சி நின்ற பிறகும் சராசரியாக வருடத்துக்கு ஒரு டிகிரி அளவில் கூடிக்கொண்டே போகும். இன்று 14 வயதில் 54 டிகிரி என்றால் 40 வயதில் எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் போட்டுத்தான் இரண்டு டாக்டர்களும் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

சரி, இடுப்புக்கு வருவோம். உங்கள் குழப்பத்தின் வேர் ஒன்றுதான். "இடுப்பு சாய்ந்திருக்கிறது" என்று நாம் ஒரே சொல்லால் சொல்வதற்குள் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, முன்னால் நின்று பார்க்கும்போது இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே மட்டத்தில் இல்லாதது. உங்கள் 9 மில்லிமீட்டர் அதுதான். மற்றொன்று, பக்கவாட்டில் நின்று பார்க்கும்போது இடுப்புக்கூடு முன்னோக்கியோ பின்னோக்கியோ எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது. 58, 12, 46 எல்லாம் அந்தக் கணக்கு. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கவலைப்படுவதால்தான் தூக்கம் போகிறது.

முதலில் அந்த 9 மில்லிமீட்டர். நீங்கள் உடை மாற்றும்போது பார்த்த "தூக்கலான இடுப்பு" உண்மையில் இடுப்பெலும்பு தூக்கி நிற்பது அல்ல. மேல் உடம்பு ஒரு பக்கம் நகர்ந்துவிட்டால், மறுபக்க இடுப்பு வெளியே துருத்திக்கொண்டிருப்பதுபோல் தெரியும். அடியிலிருக்கும் எலும்பு மட்டமாகவே இருந்தாலும் அப்படித்தான் தெரியும். எக்ஸ்ரேயில் இருக்கும் 9 மில்லிமீட்டர் வேறு சங்கதி. அதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். படம் எடுக்கும்போது ஒரு முழங்காலை லேசாக மடக்கி நின்றிருக்கலாம். இடது கால் கொஞ்சம் குட்டையாக இருக்கலாம். அல்லது முதுகின் அடிப்பகுதியே இடுப்புக்கூட்டின் மேல் கோணலாக, விறைப்பாக உட்கார்ந்திருக்கலாம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. அதனால் முதலில் எது என்று பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

பிரித்துப் பார்ப்பது சுலபம், இதற்குப் பெரிய ஸ்கேன் எதுவும் வேண்டாம். என் அறையில் ஐந்து மில்லிமீட்டர், பத்து மில்லிமீட்டர் கனத்தில் சில பலகைகள் வைத்திருக்கிறேன். பிள்ளையை வெறுங்காலில் நிற்கவைத்து, இரண்டு முழங்காலும் நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பின்னால் உட்கார்ந்து என் இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் தட்டையாக வைப்பேன். ஒரு கை தாழ்ந்திருந்தால் அந்தப் பக்கப் பாதத்துக்கு அடியில் ஒவ்வொரு பலகையாகச் செருகுவேன். இரண்டு கையும் மட்டத்துக்கு வந்ததும் முன்னால் குனியச் சொல்வேன். கீழ் முதுகின் புடைப்பு குறைகிறதா, அப்படியே இருக்கிறதா என்று அப்போது தெரிந்துவிடும். பிறகு அதே பலகையின் மேல் நிற்கவைத்து ஒரு எக்ஸ்ரே. பலகை வைத்ததும் இடுப்பு மட்டமாகி, கீழ் வளைவும் சில டிகிரி குறைந்தால், காரணம் காலில் இருக்கிறது. காலில் இருக்கும் காரணத்துக்கு முதுகில் ஸ்குரு போடுவது தேவையில்லாத வேலை.

ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவான கால் வித்தியாசம் எத்தனையோ பேருக்கு இருக்கிறது. அவர்களுக்கே தெரியாது, வைத்தியமும் தேவைப்படுவதில்லை. இரண்டு சென்டிமீட்டருக்கு உள்ளே இருந்தால்கூட அதிகபட்சம் காலணிக்குள் ஒரு மெல்லிய அட்டை வைப்போம், அவ்வளவுதான். இடது கால் குட்டையாக இருந்தால் இடுப்பு இடப்பக்கம் இறங்கும், கீழ் முதுகு இடப்பக்கம் வளைந்து அதை ஈடுகட்டும். உங்கள் மகளின் கீழ் வளைவும் இடப்பக்கம்தான். 34 டிகிரியில் கால் கொடுத்த பங்கு சில டிகிரியாவது இருக்கக்கூடும். இதைப் பார்க்காமல் எல் 1 என்றோ எல் 4 என்றோ முடிவு செய்வது அவசரம்.

இப்போது முக்கியமான கேள்வி. எல் 1, எல் 4 என்பது ஏன் இவ்வளவு பெரிய விஷயமாகிறது? கீழ் முதுகில் ஐந்து எலும்புகள். எல் 1 வரை இணைத்து நிறுத்தினால் அதற்குக் கீழே, எலும்புகளுக்கு நடுவில் மெத்தைபோல் இருக்கும் டிஸ்குகளில் ஐந்து அசையும் நிலையில் மிஞ்சும். எல் 4 வரை போனால் இரண்டுதான் மிஞ்சும். இணைப்பு ஆபரேஷன் என்பது பெயருக்கு ஏற்றபடி பல எலும்புகளை ஒரே எலும்பாக ஒட்டவைப்பது. ஒட்டிய இடம் மறுபடி வளையாது. மேல் முதுகு இயல்பாகவே அதிகம் வளையாத இடம், விலாக்கூடு அதைப் பிடித்துவைத்திருக்கிறது. அங்கே ஒட்டவைத்தால் பிள்ளைக்குப் பெரிய இழப்பாகத் தெரியாது. கீழ் முதுகு அப்படியல்ல. உங்கள் மகள் பந்தைத் தலைக்குப் பின்னால் அனுப்ப முதுகை வில்லாக வளைப்பாளே, அந்த வளைவு பெரும்பாலும் கீழ் முதுகிலிருந்துதான் வருகிறது. எல் 4 வரை போட்டாலும் அவள் குனிந்து ஷூ லேஸ் கட்டுவாள், விளையாடவும் செய்வாள், இடுப்பு மூட்டு நிறைய உதவி செய்யும். ஆனால் இதுவரை ஐந்து டிஸ்குகள் பகிர்ந்துகொண்ட வேலையை மிஞ்சிய இரண்டு டிஸ்குகள் வாழ்நாள் முழுவதும் செய்ய வேண்டிவரும். 14 வயதில் தொடங்கும் வாழ்நாள் என்பதை மறந்துவிடக் கூடாது.

இன்னொன்றும் இருக்கிறது. கீழே அசையும் டிஸ்குகள்தான் முதுகுக்கும் இடுப்புக்கும் நடுவில் சமாதானம் செய்துவைக்கும் இடம். இடுப்பு கொஞ்சம் இடப்பக்கம் இறங்கினால், அவை அதை ஈடுகட்டும்படி கொஞ்சம் வளைந்து தலையை நடுவுக்குக் கொண்டுவந்துவிடும். அவற்றைப் பூட்டிவிட்டால் இடுப்பின் கோணல் அப்படியே மேல் உடம்புக்கு ஏறும். ஆக, இடது இடுப்பு இறங்கியிருப்பதற்குக் கால்தான் காரணம் என்றால், அது எல் 4 வரை போகச் சொல்லும் காரணம் ஆகாது. கீழே எவ்வளவு முடியுமோ அவ்வளவு டிஸ்குகளை விட்டுவைக்கச் சொல்லும் காரணம் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

அடுத்தது உங்கள் அளவுகள். கீழ் வளைவு வளைத்துப் பார்க்கும்போது 12 டிகிரிக்கு வருகிறது. 2001-இல் லென்கி என்ற அமெரிக்க அறுவை மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் கொண்டுவந்த வகைப்பாட்டை இன்று உலகம் முழுவதும் பயன்படுத்துகிறோம். அதன்படி வளைத்தால் 25 டிகிரிக்குக் கீழே வந்துவிடும் வளைவு இன்னும் இறுகவில்லை, மேல் வளைவுக்கு ஈடுகொடுக்க உருவானது என்று கொள்ளலாம். மேல் வளைவை மட்டும் நிமிர்த்தினால் கீழ் வளைவு தானாகவே ஓரளவு நிமிரும். இடுப்பும் கீழ் வளைவும் பார்த்தாயிற்று என்றால், இந்த எண்களை மட்டும் வைத்து என் மனம் எல் 1 சொன்ன டாக்டர் பக்கம்தான் சாய்கிறது.

ஆனால் படத்தை நான் பார்க்கவில்லை, பிள்ளையையும் பார்க்கவில்லை. இரண்டாவது டாக்டர் கடிதத்தில் வராத எதையாவது பார்த்திருக்கலாம். எல் 4 எலும்பு இடுப்புக்கூட்டின் மேல் அதிகமாகச் சாய்ந்து நிற்கலாம். குனியும்போது கீழ் முதுகின் புடைப்பு மேல் முதுகின் புடைப்பைவிடப் பெரிதாக இருக்கலாம். கீழ் முதுகு எலும்புகள் நடுக்கோட்டைவிட்டு வெகுதூரம் விலகியிருக்கலாம், நன்றாகத் திருகியும் இருக்கலாம். பக்கவாட்டுப் படத்தில் மேல் முதுகும் கீழ் முதுகும் சந்திக்கும் இடம் முன்பக்கம் கூனியிருக்கலாம். இவற்றில் ஒன்று இருந்தாலும் கணக்கு மாறும். அப்போது எல் 3-இல் நிறுத்த முடியுமா என்று கேளுங்கள். எல் 3-க்கும் எல் 4-க்கும் நடுவிலுள்ள அந்த ஒரு டிஸ்கைக் காப்பாற்ற நாங்கள் நிறையவே பாடுபடுவோம்.

இடுப்புக்கூட்டோடு சேர்த்தே ஸ்குரு போட்டுவிட்டால் எல்லாம் நேராகிவிடாதா என்று சிலர் கேட்பதுண்டு. தசை, நரம்பு நோயால் சரியாக உட்கார முடியாத குழந்தைகளுக்கு அப்படிச் செய்கிறோம். நடந்து, ஓடி, குதிக்கும் உங்கள் மகளைப் போன்ற பிள்ளைக்கு அது வேண்டாம்.

இனி உங்கள் தூக்கத்தைக் கெடுத்த 58. பெல்விக் இன்சிடென்ஸ் என்பது நோயின் அளவு அல்ல, இடுப்புக்கூட்டின் இயல்பான வடிவத்தின் அளவு. முதுகெலும்பு வந்து உட்காரும் சேக்ரம் எலும்பின் மேல் தட்டும், தொடையெலும்பின் பந்து மூட்டுகளும் ஒன்றுக்கொன்று எந்தக் கோணத்தில் அமைந்திருக்கின்றன என்பதைச் சொல்கிறது. குழந்தைப் பருவத்தில் மெல்லக் கூடி, வளர்ச்சி முடிந்ததும் நிலைத்துவிடும். உட்கார்ந்தாலும் நின்றாலும் மாறாது, முதுகு ஆபரேஷனாலும் மாறாது. முகத்தில் மூக்கு எப்படியோ அப்படி ஆளுக்கு ஆள் வேறுபடும். 35 உள்ளவரும் உண்டு, 80 உள்ளவரும் உண்டு. 58 என்பது சர்வசாதாரணம்.

பின் ஏன் அளக்கிறோம்? இடுப்பின் அந்த வடிவத்துக்கு ஏற்ற அளவு கீழ் முதுகு முன்னோக்கி வளைந்திருந்தால்தான் ஒருவர் சிரமமில்லாமல் நிமிர்ந்து நிற்க முடியும். அந்த முன்வளைவுதான் லார்டோசிஸ். பெரியவர்களின் முதுகுகளை ஆராய்ந்து உருவான கணக்கின்படி, இன்சிடென்ஸும் லார்டோசிஸும் பத்து டிகிரி வித்தியாசத்துக்குள் இருந்தால் நல்லது. உங்கள் மகளுக்கு 58-க்கு 60. அருமையான பொருத்தம். இடுப்புக்கூடு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவான டில்ட் 12, சேக்ரத்தின் மேல் தட்டு சரிந்திருக்கும் அளவான ஸ்லோப் 46, இரண்டையும் கூட்டினால் அதே 58 வரும், எப்போதும் அப்படித்தான் வரும். கீழ் முதுகின் முன்வளைவு குறைந்துபோனால், ஆள் முன்னால் விழுந்துவிடாமல் இருக்க இடுப்புக்கூடு பின்னோக்கிச் சுழலும், டில்ட் ஏறும். அவளுக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை.

அப்படியானால் இந்த எண்களை எதற்காக எச்சரிக்கையோடு பார்க்கிறார்கள் என்றால், அதற்குப் பின்னால் ஒரு பழைய பாடம் இருக்கிறது. ஹாரிங்டன் என்ற அமெரிக்க மருத்துவர் 1962-இல் தன் உலோகக் கம்பி முறையைப் பற்றி எழுதிய பிறகுதான் ஸ்கோலியோசிஸ் ஆபரேஷன் உலகம் முழுவதும் பரவியது. அந்தக் கம்பி முதுகை இரண்டு முனையிலும் பிடித்து இழுத்து நேராக்கும். முன்னாலிருந்து பார்த்தால் அழகாக நேராகிவிடும். ஆனால் இணைப்பு கீழ் முதுகுவரை போனபோது அங்கே இருக்க வேண்டிய முன்வளைவும் சேர்ந்து தட்டையாகிவிட்டது. பல வருடம் கழித்து அவர்களில் சிலர் முழங்காலை மடக்கி, உடம்பு முன்னால் சாய, வலியோடு நடந்தார்கள். ஒரு பக்கத்துப் படத்தை மட்டும் பார்த்ததற்கு அந்த நோயாளிகள் கொடுத்த விலை அது. இன்று எலும்புகளைத் தனித்தனி ஸ்குருக்களால் பிடிக்கிறோம், கம்பியைத் தேவையான வளைவுக்கு வளைத்துப் போடுகிறோம். ஸ்கோலியோசிஸில் மேல் முதுகு தன் இயல்பான கூனலை இழந்து தட்டையாகிவிடும். அதைத் திருப்பிக் கொடுத்தால் கீழ் முதுகு தன் முன்வளைவைத் தானே சரியாக வைத்துக்கொள்ளும். எனவே உங்கள் மகளின் இன்சிடென்ஸ் ஆபரேஷனுக்குத் தடையே இல்லை. கம்பியை எப்படி வளைக்க வேண்டும் என்று டாக்டருக்குச் சொல்லும் குறிப்பு அது.

ஆபரேஷனுக்குப் பிறகு என்ன நடக்கும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு பயப்படாமல் இருக்க. பெரும்பாலும் மறுநாளே எழுந்து நிற்கவைப்பார்கள். எல் 1-இல் நிறுத்தினால் கீழ் வளைவு முழுதாகப் போகாது, கொஞ்சம் மிஞ்சும், அது குறை அல்ல. முதல் சில மாதங்கள் உடம்பு இடப்பக்கம் சாய்ந்து நிற்பதுபோல் தெரியலாம். இத்தனை வருடம் கோணலாக இருந்ததையே நேர் என்று பழகிய மூளைக்குப் புது நேர் கோணலாகத் தோன்றும். "நான் சாய்ஞ்சு நிக்கிறேன் டாக்டர்" என்று கண்கலங்கிய பிள்ளைகளைக் கண்ணாடி முன் நிறுத்திக் காட்டியிருக்கிறேன், தோளும் இடுப்பும் ஒரே கோட்டில் இருக்கும், அவர்களால் நம்பவே முடியாது. உண்மையாகவே சாய்வு இருந்தாலும் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு வருடத்தில் கீழே விட்டுவைத்த டிஸ்குகள் தாங்களாகவே சரிக்கட்டிவிடும். கழுத்தின் அடியிலிருந்து தூக்குநூல் விட்டால், அது இடுப்பின் நடுக்கோட்டிலிருந்து இரண்டு சென்டிமீட்டருக்குள் விழ வேண்டும். தொடர்ந்து வெளியே விழுந்தாலோ, கம்பிக்குக் கீழே வளைவு நீண்டுகொண்டே போனாலோதான் யோசிக்க வேண்டும். சிலருக்கு அதனால் இரண்டாவது ஆபரேஷன் தேவைப்படுகிறது, அதை மறைக்க மாட்டேன். வளர்ச்சி நிறைய பாக்கியிருக்கும் பிள்ளைகளுக்கு அந்த ஆபத்து அதிகம். உங்கள் மகள் ரிசர் 4-இல் இருப்பது அந்த வகையில் நல்லது.

நரம்பு பாதிக்கப்படுமோ என்ற பயம் எல்லா வீட்டிலும் உண்டு. இந்த வகை ஸ்கோலியோசிஸில் அது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ஆபரேஷன் நடக்கும்போதே தண்டுவடத்தின் சமிக்ஞைகளைக் கருவி வைத்துக் கண்காணிக்கும் வசதி இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பிற்காலத்தில் பிள்ளை பெறுவதற்கும் இது தடை இல்லை, இடுப்புக்கூட்டை யாரும் தொடப்போவதில்லை.

அடுத்த முறை போகும்போது இரண்டு டாக்டர்களிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். கால் நீளத்தை அளந்தீர்களா, பலகை வைத்துப் படம் எடுத்தீர்களா? எல் 4 ஏன், எல் 3 ஏன் ஆகாது? எல் 1-இல் நிறுத்தினால் மிஞ்சும் வளைவு என்னவாகும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? பக்கவாட்டுப் படத்தில் மேல் முதுகை எவ்வளவு கூனலாக்கப் போகிறீர்கள்? நல்ல டாக்டர் இவற்றால் எரிச்சலடைய மாட்டார். படத்தை விளக்குத் திரையில் மாட்டி, விரலால் தொட்டுக் காட்டிப் பதில் சொல்வார்.

அப்புறம், மகளையும் உள்ளே கூட்டிப்போங்கள். வெளியே உட்காரவைத்துவிட்டுப் பெரியவர்கள் மட்டும் பேச வேண்டாம். ஆபரேஷன் முடிந்த பிள்ளைகளிடம் வலி, அன்றாட வேலை, தன் உருவத்தைப் பற்றிய எண்ணம், மனநிலை, திருப்தி ஆகியவற்றைக் கேட்க ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. அதில் பெரிதாக மாறுவது உருவத்தைப் பற்றிய எண்ணம்தான், எக்ஸ்ரேயில் எத்தனை டிகிரி மிஞ்சியது என்பதோடு அது அவ்வளவாக ஒட்டி நடப்பதில்லை. கீழே கொஞ்சம் வளைவு மிஞ்சினாலும் பரவாயில்லை, பந்தைப் பின்னால் தூக்கிக் கொடுக்க முதுகு வளைய வேண்டும் என்பாளா, இல்லை இடுப்பு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பாளா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாமல் இருக்கலாம். அவளிடம் கேளுங்கள். பலகை வைத்து எடுத்த படம் வந்ததும் எனக்கு எழுதுங்கள்.